யாழ்ப்பாணத்தில் மேடே இல்லை, அக்கா

என் பிரியத்துக்குரிய அக்காவுக்கு,

போன வாரம் கம்பனி வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தேன். அங்கே மேடு என்று ஒன்றே இல்லை. பஸ் நிலையத்திலிருந்து பண்ணைக் கடல்வரை நடந்தேன். மூச்சு வாங்கவில்லை, வெயில்தான் வாட்டியது. ஒரு சின்னக் கடையில் குழல் புட்டும் நண்டுக் கறியும் சாப்பிட்டேன். உறைப்பில் கண் கலங்கிவிட்டது. உனக்குப் பிடித்திருக்குமா?

பஸ் ஏறினாலே உனக்கு வாந்தி வரும். அதனால் அந்த நாட்களில் நம் மலைத் தோட்டமிருந்த தெமோதரையிலிருந்து பதுளைக்கு நாம் நடந்தே போவோம். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இரண்டு மணிநேரம். பசியோடு பஜாரில் முஸ்லிம் நானாவின் கடையில் உட்காருவோம். பராட்டா வந்ததும், "நடந்து வந்தவங்க, இன்னுங் கொஞ்சம் பருப்பு ஊத்துங்க நானா" என்பாய். அந்த ருசி பருப்பிலா இருந்தது, நடையிலா?

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்த பிறகு ஒருமுறை ரயிலேறி வந்தாய். புறக்கோட்டையில் நடைபாதை முழுக்கக் கடைகள், கால் வைக்க இடமில்லை. "ரொட்டிய இப்புடிப் போட்டு அடிச்சா திங்கிறது?" என்று கேட்டுக்கொண்டே கொத்து ரொட்டியை வழித்துச் சாப்பிட்டாய்.

"ரூமுக்கு நடந்தே போவமே தம்பி" என்றாய். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றினேன். பாதி வழியில் உன் சேலையெல்லாம் வாந்தி. ஆட்டோக்காரர் முன்னால் நான் கத்தினேன்: "ஊர்லயே இருக்க வேண்டியதுதானே, எதுக்கு வந்த?"

நீ முந்தானையால் சீட்டைத் துடைத்தாய். பிறகு கொழும்புக்கு எத்தனை முறை கூப்பிட்டும், "பறிக்க கொழுந்து நெறைய கெடக்கு தம்பி" என்றே சொன்னாய், கொழுந்தே இல்லாத வறட்சியிலும். நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் உன் லயத்து வீட்டுக்குப் போய், உன் மகள் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மாமா. அம்மா சொல்லிருக்கு."

"என்னன்னு?"

"நீங்க ஏசுனத சொல்லல. 'என்னால தம்பிக்கு வெக்கமா போச்சு'ன்னுதான் சொல்லும்."

அக்கா, வெட்கம் என்னுடையது. அதை நீ ஏன் சுமந்தாய்?

அடுத்த மாதம் செல்வி கொழும்புக்கு வேலைக்கு வருகிறாள். அவளுக்கும் வாகனம் ஒத்துக்கொள்ளாதாம். எனக்கு எவ்வளவு அவசரமானாலும், அவள் நடக்கலாம் என்று சொன்னால் நான் இறங்கி நடப்பேன்.

உன்னோடு பிறந்த,
தம்பி ரவி