ஏரிக்குள் திரும்பிப் போன கதவு

அன்புள்ள அண்ணாவுக்கு, இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இது அம்மா சொல்லாத கடிதம். "வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல, அவன இழுக்காதடி" என்று அவள் தடுத்துவிட்டாள். அவள் தூங்கியபிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே.

இந்த வருஷம் ஏரி வற்றி, மூழ்கிய பழைய ஊர் முழுசாக வெளியே தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் காரில் வந்து எவ்வளவு அழகு என்று படம் எடுக்கிறார்கள். அணை கட்டியபோது பதினெட்டு வீட்டுக்காரர்களும் வாசல்கதவை மட்டும் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து புது வீடுகளில் மாட்டினார்கள் அல்லவா, அன்றைக்குத்தான் சொன்ன நாளுக்கு முன்னாலேயே தண்ணீர் ஏறி, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அத்தை சிலேட்டை எடுக்கத் திரும்பி ஓடிக் கிடைக்காமலே போனாள். அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. போன வாரம் நம் கதவைக் கழற்றித் தலையில் சுமந்துபோய்ப் பழைய வீட்டிலேயே மாட்டிவிட்டார். "இந்தக் கதவப் பாத்தாத்தான் அக்காவுக்கு வீடு அடையாளம் தெரியும்" என்கிறார். நம் வாசலில் இப்போது போர்வைதான் தொங்குகிறது. கடைக்காரர், "கதவில்லாத வீட்டுக்குள்ள வரத் திருடனுக்கே கூச்சமா இருக்கும்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா மூன்று நாளாக அங்கேதான் படுக்கிறார். மலையில் மழை பிடித்துவிட்டது, இன்று தண்ணீர் அந்த வாசற்படி வரை வந்தாயிற்று. அம்மா கெஞ்சியதற்கு, "தண்ணி வந்தா கதவச் சாத்திக்கிறேன், போடி" என்றாராம். நேற்று ராத்திரி யாரோ மூன்று முறை தட்டினார்களாம், திறந்தால் யாருமில்லையாம். இன்று சாயங்காலம் என் தலையைத் தடவி, "உனக்கு அக்கா சாடை அப்படியே இருக்கு, நாளைக்கு நீயும் வந்து படு, உன் குரல் கேட்டா வந்துருவா" என்றார். அண்ணா, நான் தலையை ஆட்டிவிட்டேன். போகாவிட்டால் அவர் தனியாகக் கிடப்பார், அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

நீ சொன்னால்தான் அவர் கேட்பார். பால் வண்டி டிரைவர் மதியத்துக்குள் இதை உன் கையில் கொடுப்பார், அதே வண்டி திரும்பும்போது ஏறிவிடு, இருட்டும் நேரத்துக்கு வந்துவிடலாம். குடை எடுத்துக்கொள். அம்மாவின் ஆசீர்வாதத்தை அவளைக் கேட்காமலே எழுதுகிறேன், நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்றுதான் எப்போதும் சொல்வாள். ஒன்றை மறந்துவிடாதே. நான் அதற்குள் கீழே போயிருந்தால், நீ வந்து கதவைத் தட்டாதே. வெளியே நின்று உன் பெயரைச் சத்தமாகச் சொல். தட்டினால் அப்பா அத்தைதான் என்று நினைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
அம்மாவின் கடிதங்களை எழுதும் உன் தங்கை