பாய்மரம் இறக்கிய கப்பல்

இன்று காலை டெப்ட்ஃபோர்ட் ஆற்றங்கரையில் யாரோ ஒரு மரப்படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தில் நின்றபோது, உன் கப்பலை இங்கேதான் கட்டினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நீ போய் மூன்று வருடமாகிறது.

எண்பத்தேழில், தஞ்சம் கேட்டு வந்த உன்னை ஹார்விச் துறைமுகத்தில் ஒரு பழைய பயணிகள் கப்பலில் அடைத்துவைத்தார்கள். முன்பு போர்க்கப்பல்களையே சிறையாக்கியதாக அங்கே ஒரு காவலாளி சொன்னானாம். அது உன்னை விடவில்லை. வெளியே வந்து, வால்தம்ஸ்டோவில் என் அறையில் தங்கி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தாய். லீவு நாட்களில் கியூவிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய் அப்படியொரு கப்பலைத் தேடிப் பிடித்தாய்.

இருநூறு வருடங்களுக்கு முந்தைய போர்க்கப்பல், எழுபத்து நான்கு பீரங்கிகள். மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலுக்கு மாலுமிகளைப் பறிகொடுத்தது. திருகோணமலைக்கு அப்பால் பிரெஞ்சுக்காரரோடு மோதிப் பாய்மரம் முறிந்தது.

"எங்கட கடலுக்கும் வந்திருக்கு, மச்சான்" என்றாய்.

முதுமையில் அதன் பாய்மரங்களை இறக்கி, பீரங்கிகளைக் கழற்றி, மெட்வே ஆற்றுச் சேற்றில் கட்டிவைத்துப் பிரெஞ்சுக் கைதிகளை அடைத்தார்கள். பிறகு உடைத்து மரமாக விற்றார்கள்.

"உதாலை உனக்கு விசா கிடைக்குமே?" என்று கேட்டேன்.

"கிடையாது. ஆனா கைதியளின்ரை இடாப்பு இருக்கு. பேர், ஊர், வயசு, கடைசியா என்ன நடந்தது எண்டு எல்லாம். எங்களை ஆர் எழுதி வைச்சது?"

நான் தேநீர் வைக்க எழும்பிப் போனேன்.

நாற்பது வயதில், வேலைக்கு நடுவே, உன் இதயம் நின்றது. நீ பெயர்களை எழுதிவந்த கொப்பி என்னிடம் வந்தது. பாதிவரை பிரெஞ்சுப் பெயர்கள். அதன்பின், அதே கட்டங்களில், உன்னோடு அடைபட்டிருந்தவர்கள். விடுவிக்கப்பட்டார். விடுவிக்கப்பட்டார். மன்னார்க்காரர் ஒருவருக்கு மட்டும் 'திருப்பி அனுப்பப்பட்டார்'. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கண்ட மன்னார் ஆட்களிடமெல்லாம் விசாரித்தேன். போன மாதம் அப்டன் பார்க் கடையொன்றில் அவருடைய தங்கையே அகப்பட்டாள்.

"உயிரோடை இருக்கிறார் அண்ணை. இந்தியாவிலை, மண்டபம் முகாமிலை. ரெண்டு பிள்ளையள்."

அன்றே அதை எழுதினேன். அந்தப் பட்டியலில் நீ சேர்க்காத ஒரே பெயர் உன்னுடையது. அதையும் எழுதினேன்: பெயர், ஊர், வயது. கடைசிக் கட்டத்தில் 'விடுவிக்கப்பட்டார்' என்று போட்டேன். நீ இறந்ததை எழுத இன்னும் கை வரவில்லை.