டேப் ரிக்கார்டரிடம் சொல்லிக்கொண்டது

வேல்ஸ்,
13.2.1984

அன்புள்ள அம்மாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அப்பா ஸ்ரீரங்கம் ஸ்கூலுக்கு வேலைக்குப் போகும்போது, பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் காற்றுக்குக் காதை மூடிக்கொள்கிறாரா? நான் சுகம். குளிரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரியான இந்த ஐ.பி. டிப்ளமோவில் தாய்மொழியும் ஒரு பாடம். இங்கே தமிழ் சொல்லித்தர ஆளில்லாததால் நானே படித்துக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை வாய்மொழிப் பரீட்சை நடந்தது. எதிரே ஒரு டேப் ரிக்கார்டரும், அதைப் போட்டுவிட மார்கரெட் டீச்சரும்தான். கேசட்டைத் தமிழ் தெரிந்த யாருக்கோ அனுப்பி மார்க் போடுவார்களாம். ஒரு பாட்டுக்குத் தடங்கலில்லாமல் அர்த்தம் சொன்னேன். முடித்து எழுந்தவள், பாழாய்ப்போன பழக்கத்தில், "போயிட்டு வரேம்மா" என்று அந்தப் பெட்டியிடம் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நகராமல் பதிலுக்கு வேறு நின்றேன். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கடைசியா என்ன சொன்னே?" என்று டீச்சர் இங்கிலீஷில் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்" என்று சமாளித்தேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தேங்காய் எண்ணெய் அனுப்பாதீர்கள், இங்கே கல்லாக உறைந்துவிடுகிறது. இட்லிப் பொடி போதும். அப்படியே பக்கத்து வீட்டு கிளமென்ட் அண்ணனின் டேப் ரிக்கார்டரை வாங்கி, ஒரு கேசட்டில் பேசி அனுப்புங்கள். என்னைத் திட்டினாலும் சரி. அடுத்த பரீட்சைக்குத் தமிழ் காதில் விழ வேண்டும், அதற்குத்தான். முடிக்கும்போது மட்டும் "பத்திரமா போயிட்டு வா" என்று சொல்ல மறந்துவிடாதீர்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது. போயிட்டு வரேம்மா.

ஜெசிந்தா