கையை விட்டாலும் நிற்காத இயந்திரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. சனிக்கிழமை நான் அனுப்பி லாரியில் வந்து இறங்கிய களையெடுக்கும் இயந்திரத்தை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மாப்பிள்ளை அதைத் தோட்டத்துக்கு இழுத்துப் போயிருந்தால், கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய்த் தடு. மீதியை வந்து படி.

இதைப் போனில் சொல்லத் தெரியாதா என்பாய். என் நம்பரையும் அப்பா நம்பரையும் நீ எடுப்பதில்லை, மாப்பிள்ளை போனிலும் எடுக்க விடுவதில்லை. இன்று காலை இங்கே பக்கத்து நாற்றுப்பண்ணைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். அம்மா என்று தெரிந்ததுமே வைத்துவிட்டாய். பிறகு நாலு தடவை அடித்தும் பயனில்லை. இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததோ என்று உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், அவருக்கு எந்த நேரத்தில்தான் கிண்டல் இல்லை! ஆனால் நீ ஹலோ என்றது அழுத குரலாக இல்லை. இதுவரை அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அதை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒன்று செய்தபோதே நாற்றுப்பண்ணைக்காரருக்கும் ஒன்று சேர்த்துச் செய்தேன். இரண்டும் ஒரே அச்சு. காயலான் கடையில் கிடந்த ஸ்கூட்டர் எஞ்சின், பழைய வேனின் பட்டை ஸ்பிரிங்கை அறுத்து அடித்த கத்திகள். இன்று காலை அவர் இரண்டு பாத்தி ஓட்டிவிட்டு, "வெண்ணெய் மாதிரி போகுது அக்கா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பாத்தியில் கத்தி ஒரு கல்லில் இடித்துத் துள்ளியது. கைப்பிடி நழுவி மனிதர் விழுந்தார். இயந்திரம் நிற்கவில்லை. அவர் காலை ஒட்டித் திரும்பி, தண்ணீர்க் குழாயைத் துண்டாக்கி, வேலியை இழுத்துக்கொண்டு போய், கம்பி சுற்றிய பிறகுதான் அணைந்தது. "காலுக்கு வந்தது செருப்போட போச்சுக்கா" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

தப்பு என்னுடையதுதான். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை விட்டால் அது தானாகத் திரும்பிவிடும். நான் அதை எடுத்துவிட்டு, பழைய டிராக்டரின் கை ஆக்சிலேட்டரை மாட்டினேன். அது வைத்த இடத்திலேயே நிற்கும். முறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தால் மாப்பிள்ளைக்குக் கை வலிக்குமே, ஏற்கெனவே கால் ஒத்துழைப்பதில்லையே என்று நினைத்தேன். கிளட்சோ ஸ்கூட்டருடையது, பிடித்தால் நிற்கும், விட்டால் ஓடும். வண்டி என்றால் ஓட்டுகிறவன் மேலே உட்கார்ந்திருக்கிறான். இதில் அவன் பின்னால் நடந்து வருகிறான். அவன் விழுந்தாலும் இது பாட்டுக்குப் போகும். முப்பது வருஷம் பஸ் பணிமனையில் ஸ்பேனர் பிடித்தவளுக்கு இது ஏன் உறைக்கவில்லை? அணைக்கும் பட்டனும் எஞ்சினில்தான் இருக்கிறது, ஓடுகிற கத்திக்குப் பக்கத்தில். நான் முற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் ஒரு தடவைகூடக் கையை விட்டுப் பார்க்கவில்லை.

நாற்றுப்பண்ணைக்காரர் புரண்டு தப்பினார். மாப்பிள்ளையால் அந்தக் காலை வைத்துக்கொண்டு புரள முடியுமா? சனிக்கிழமை நீ வெளியே வரவே இல்லையாம், அவர்தான் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம், பெட்ரோல் வாங்கியதும் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாராம். இது லாரிக்காரர் இன்று சொன்னது.

அம்மா பேச்சை இனி எப்படி நம்புவது என்று நீ நினைப்பாய். அதனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை விழுந்து கால் உடைந்த அன்று அவர் வண்டியில் அறுந்த பிரேக் கேபிள் நல்ல கேபிள் இல்லை. உடைக்க வந்த வண்டியிலிருந்து கழற்றி, கிரீஸ் தடவி மாட்டினேன். ஓர் இழை பிரிந்திருந்ததைப் பார்த்தேன். தாங்கும் என்று நினைத்தேன். ரோட்டில் எண்ணெய், மழை, அவர் வேகமாக வந்தார் என்று ஆஸ்பத்திரியிலேயே சாதித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு மாதம் ஓடிவிட்டது. நீ கத்தியதெல்லாம் நியாயம்தான். உன் அப்பாவிடம்கூட இன்றைக்குத்தான் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நானே லாரியில் ஏறியிருப்பேன். என் முகத்தைப் பார்த்ததும் நீ கதவைச் சாத்திவிட்டால் சொல்ல வந்தது உள்ளே வராது. கடிதம் என்றால் கதவிடுக்கிலாவது நுழையும். இதைக் கொண்டுவரும் லாரிக்காரரிடம் வாயாலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, நான் பார்த்துக்கிறேன் என்று கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்துவிடுவார். அவர் சுபாவம் உனக்கே தெரியும்.

ஒரே ஒரு வேலை செய். எஞ்சின் தலையில் தடித்த ஒயர் மாட்டிய ஸ்பார்க் பிளக் இருக்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, இத்துடன் கட்டி அனுப்பிய ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பினால் பிளக் கழன்று வரும். அது இல்லாமல் அந்தச் சனியன் உயிர் பிடிக்காது. அதைக் காகிதத்தில் சுற்றி லாரிக்காரரிடம் கொடுத்துவிடு. வியாழக்கிழமை திரும்பி வருகிறார், நான் பட்டறை வாசலில் நிற்பேன். பிளக் வந்தால் போதும், வேறெதையும் எதிர்பார்க்க மாட்டேன்.

இல்லை, இதிலும் பொய் வேண்டாம். சுற்றிய காகிதத்தைப் பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

இருவரும் கைகால் சுகத்தோடு நூறு வருஷம் இருங்கள்.

உன் அம்மா