தும்மலுக்குப் பதில்

அன்பு மகன் முனீபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் கிண்ணியாவில் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், நீயும் அந்தக் கட்டார் வெயிலில் உடம்பைப் பழுதாக்காமல் இருக்க துஆ கேட்கிறேன். வாப்பாவின் இதயத்தில் ஒழுகின வால்வை, நெஞ்சைக் கிழிக்காமல், தொடை நரம்பால் குழாய் விட்டுக் கொழும்பில் கிளிப் போட்டது உனக்குத் தெரியும்தானே. பிறகு எடுத்த ஸ்கேனில் இதயத்தின் பலம் முந்தியதைவிடக் குறைவு என்றதும், எல்லாம் பிழைத்துப் போச்சு, வேலையை விட்டுவிட்டு வாறன் என்று தங்கச்சி றுமானாவிடம் நீ அழுதாயாம். நானும் அழுதனான் மகன். டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். முந்திப் பாதி இரத்தம் ஒழுக்கால் பின்னுக்கே போனதாம், வேலை லேசு என்றபடியால் இதயம் பலசாலி மாதிரிக் காட்டியதாம், இப்போது முழுவதையும் முன்னுக்குத் தள்ள வேண்டுமாம், உண்மைப் பலம் இப்போதுதான் தெரிகிறதாம், மருந்தை விடாவிட்டால் மெல்ல மெல்லத் தேறக்கூடும் என்றார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வாப்பாதான், ஓட்டை வாளியால் தண்ணீர் அள்ளுகிறவனுக்குக் கை நோகாது, நல்ல வாளி கொடுத்தால்தான் நோகும் என்றார்.

ஆனால் அந்தக் கிளிப்பால் மனுசன் படுத்தின பாடு! என் கொண்டைக் கிளிப் கழன்று விழுகிற மாதிரி, தும்மினால் அதுவும் கழன்றுவிடும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார். கழலாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை, குசினியில் எனக்கு மிளகாய் வறுக்கவும் ஏலாது. நேற்றுப் பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் மல்லாந்து படுத்தார். படுத்தால் இளைக்கும் என்று இத்தனை நாளும் கதிரையில் குந்தியபடி தூங்கின மனுசன், மல்லாந்து! கச்சான் காற்றில் திரைச்சீலை மெல்ல ஏறி இறங்கியது, கடலும் வீடும் ஒன்றாக மூச்சு விடுகிறது போல் இருந்தது, எனக்கும் கண் சொக்கியது. அவருடைய இளைப்புச் சத்தம் மட்டும் இல்லை. இத்தனை காலமும் அதைக் கேட்டுத்தான் மனுசன் இருக்கிறார் என்று நான் நிம்மதியாகக் கிடந்தது. கனவா நினைவா என்று தெரியாமல், மூச்சு வருகிறதா பார்க்கக் குனிந்தேன். என் முக்காட்டு நுனி மூக்கில் பட்டு, வீடு அதிரத் தும்மினார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். யர்ஹமுகல்லாஹ், அல்லாஹ் அருள் செய்யட்டும் என்று பதில் சொல்ல உனக்குச் சின்னதில் பழக்கினவளே நான்தான், எனக்கே நாக்கு எழும்பவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே, "பதிலைச் சொல்லன் நஜ்மு, நான் இருக்கன்" என்றார்.

சொன்னேன் மகன், அழுதுகொண்டே சொன்னேன். வேலையை விடாதே, லீவில் வா, நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவான். இதை வாசித்ததும் அங்கிருந்து நீயும் ஒருக்கால் யர்ஹமுகல்லாஹ் சொல்லு, வாப்பா அடக்கி வைத்த தும்மல் இன்னும் நிறையப் பாக்கி இருக்கு.

துஆவுடன்,
உம்மா நஜ்முன் நிஸா