திருப்பி வைத்த தண்டை

கறுப்புப் பெயின்ட் வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. காலையில் பீச் ரோட்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில், நீயும் நானும் கடலடியில் பார்த்த நம் நங்கூரம் நிற்கிறது. ஒரு பக்கக் கொக்கி முறிந்த அதே நங்கூரம். துருவைச் சுரண்டிப் பளபளவென்று பெயின்ட் அடித்து, சுற்றிலும் கூழாங்கல் கொட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் வைக்கப்போகும் பலகைக்கு நான் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் ரொமான்டிக்கா இருக்கட்டும் சார். பிரெஞ்சுக் கப்பல், புயல், அந்த மாதிரி" என்றான் மேனேஜர். கப்பலுக்குள் யார் இருந்தார்கள் என்று எழுதலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம் சார், கெஸ்ட் உக்காந்து சாப்புடுற எடம்."

நீ இருந்திருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பாய். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

நான் கடலடித் தொல்லியல் படித்துவிட்டு, மூழ்கிப் பார்க்க மட்டும் அனுமதித்த ஒரு அரசுக் கடிதத்தோடு வீராம்பட்டினத்துக்கு வந்தவன். நீ வலைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. டவுனில் பிறந்த கிறிஸ்தவன் என்பதால் முதல் நாளே எனக்கு, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, 'முசே' என்று பெயர் வைத்துவிட்டாய். உங்கள் அண்ணன் தம்பி மூவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் இடம் கடலில் இருந்தது. அங்கே வலை மாட்டும், ஆனால் மீன் மண்டிக் கிடக்கும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கட்டிப் பார்த்து அந்த இடத்தைப் பிடிப்பீர்கள். எதை எதோடு என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அண்ணன்களிடம் மன்றாடித்தான் என்னை அங்கே கூட்டிப் போனாய். இரண்டு நிபந்தனை போட்டாய். "ஜிபிஎஸ் பொட்டிய கரையிலயே வெச்சிட்டு வா. அங்க மெதவ எதுவும் கட்டக் கூடாது. ஒரு மெதவ தெரிஞ்சா போதும் முசே, ஊர்ல இருக்கிற போட்டு மொத்தமும் வந்துடும்." மாதா மேல் சத்தியம் பண்ணச் சொன்னாய். பண்ணினேன்.

கீழே கப்பல் இருந்தது. ஏழு ஆள் ஆழத்தில், கலங்கிய தண்ணீரில், தடவித் தடவித்தான் பார்க்க முடிந்தது. நான் முதுகில் சிலிண்டரோடு நங்கூரத்தை அளந்துகொண்டிருந்தேன். நீ மூச்சை அடக்கிக்கொண்டு போய் ஓர் அம்மிக் குழவியைத் தொட்டுவிட்டு வந்தாய். "வெள்ளக்காரன் கப்பல்ல மசாலா எவன் அரைச்சான்?" என்றாய். சமையல்காரன் நம் ஊர்க்காரனாக இருந்திருப்பான் என்றேன். நீ மறுபடி குதித்தாய். மேலே வந்து உள்ளங்கையை விரித்தபோது அதில் பச்சை பிடித்த ஒரு வெண்கலத் தண்டை இருந்தது. மூன்று விரலுக்கு மேல் உள்ளே நுழையாத அளவு. "சமையக்காரன் கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினா வந்தான்?"

நம் ஊர் ஆட்களைக் கடல் கடந்த தீவுகளின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றிய கதை இரண்டு பேருக்கும் தெரியும். மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் காட்டிக் காசு பார்க்கும் இந்த ஊர் அதைப் பேசுவதில்லை. அதற்கான சாட்சி உன் உள்ளங்கையில் இருந்தது. நான் என்ன சொன்னேன்? "எடுத்த எடத்துலயே வெச்சிடு." அளந்து வரையாமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பது எங்கள் பாடம். கையில் வைத்துப் படம் எடுத்தால், அனுமதியில்லாமல் எடுத்ததற்கு அதுவே ஆதாரமாகிவிடும் என்று பயம் வேறு. "எடுத்துனு போயிடலாம் முசே, கடல் இன்னிக்கு மாதிரி நாளைக்கு இருக்காது" என்றாய். நான் கேட்கவில்லை. முணுமுணுத்தபடியே இறங்கி, வைத்துவிட்டு வந்தாய்.

ஓர் அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தோண்ட அனுமதி. அவர் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் ஆடித் தேர். அன்றைக்கு ஒருவரும் கடலில் இறங்க மாட்டீர்கள். ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை, நீ இன்ஜினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் ஆபீஸ் எண் எழுதிய வெள்ளைக் கேன் ஒன்றை மிதவையாகக் கயிற்றில் கட்டி, நங்கூரத்தோடு முடிந்துவிட்டு மேலே வந்தேன். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் படகு நீரோட்டத்தில் தள்ளி வந்திருந்தது. கேனை அடையாளம் வைத்து, வேறு படகில் அவரைக் கூட்டிப் போவதாக என் ஏற்பாடு.

அதிகாரி வரவில்லை. வயிறு சரியில்லையாம்.

நீங்கள் தேர் வடம் பிடித்துக்கொண்டிருந்தபோது, வேற்றூர் விசைப்படகுகள் அந்தக் கேனைப் பார்த்துவிட்டன. மடிவலை போட்டுத் தரையோடு வாரினார்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து வந்து வின்ச் வைத்து நங்கூரத்தை இழுத்தார்கள். அடுத்த வாரம் இறங்கிப் பார்த்தபோது உடைந்த மரமும் சேறும்தான் இருந்தது. குழவியும் இல்லை, தண்டையும் இல்லை. அறிக்கையில் 'பயணிகள் பற்றிய சான்று கிடைக்கவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.

இடத்தை நீ விற்றுவிட்டாய் என்றார்கள் உன் அண்ணன்கள். பஞ்சாயத்தில் கேட்டபோது, "கடல்ல கெடக்கிறது எவன் கண்ணுலயும் படும்" என்று மட்டும் சொன்னாயாம். உனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. போன ஐப்பசியில் நெஞ்சுச் சளி முற்றி நீ போனபோது, பெரிய அண்ணன் வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நானும் மாலையைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

இன்றைக்கு ஹோட்டலிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். பெரிய அண்ணனையும் கூப்பிடச் சொல்லி, அவர் முன்னாலும் உன் வீட்டுக்காரம்மா முன்னாலும் சொன்னேன்: "அந்த எடத்துல கேனைக் கட்டினது நான்தான்." அண்ணன் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாலை போட்டிருந்த உன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார்.

உன் வீட்டுக்காரம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த வெள்ளைக் கேன். ஆபீஸ் எண் அழியவில்லை. கழுத்தில் கத்தியால் அறுத்த கயிறு ஒரு முழம் தொங்கியது.

"தேருக்கு மறுநாளே அறுத்துனு வந்துட்டாருண்ணா. 'இது முசேவோடது. அவரே வந்து சொல்லுவாரு, அதுவரிக்கும் நீ வாயத் தொறக்காத'ன்னாரு" என்றார். "ஆஸ்பத்திரியிலகூட, முசே வந்தாரான்னு கேட்டுனே இருந்தாரு."

பலகைக்கான நாலு வரியை எழுதிவிட்டேன். அந்தக் கப்பலில் ஒரு குழந்தை இருந்தது, அதன் தண்டையைக் கண்டெடுத்தவன் நீ, திருப்பி வைக்கச் சொன்னவன் நான் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் வைக்க மாட்டார்கள். கேன் என் மேஜைமேல் இருக்கிறது. நீ கிடந்த ஆஸ்பத்திரி என் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.