யக்கா, நீங்கள் வெட்டிய காட்சி

யக்கா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை உங்கள் மைக்கைச் செருப்பால் அடித்துவிட்டேன்.

நேற்று படம் போட்ட சாமான்களைக் கடையில் இறக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் இங்கே விட்டுப்போன பைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ரோமமாக ஒன்று எட்டிப் பார்த்தது. பெருச்சாளி என்று நினைத்து நல்ல போடு போட்டேன். பார்த்தால், காற்று இரைச்சல் விழாமல் இருக்க நீங்கள் மைக்குக்கு மாட்டுகிற உறை. பக்கத்துக் கடை அண்ணாச்சி, “செத்துட்டாடே?” என்று கேட்டார். “அது பொறக்கவே இல்ல அண்ணாச்சி” என்றேன்.

சங்கரன்கோவிலில் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ரேடியோ செட் கட்டி நிம்மதியாக இருந்தவன் நான். “ஊர் ஊராப் போயி படம் எடுக்கணும், மைக் தெரிஞ்ச ஆளு வேணும்” என்று வந்து நின்றீர்கள். மைக்கில் பேசத் தெரியும் என்றேன். உங்களுக்கு வேண்டியது பேசாமல் பிடிக்கிற ஆள். “வாய மூடுலே, உன் மூச்சுகூட விழுது.” போன ஊரிலெல்லாம் இதே பாட்டு. மூச்சு விடாமல் எப்படி யக்கா பிடிப்பது?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் அந்த வழக்கம்தான் என் பிராணனை வாங்கியது. வெயிலில் அலைந்து எடுத்த படத்தை, வெளியே விடும் முன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டுவீர்கள். யாராவது “என்னய எடுத்துருங்க” என்றால் மறுபேச்சு இல்லாமல் வெட்டுவீர்கள். உலகத்தில் எவராவது இப்படிச் செய்வார்களா?

மேலநீலிதநல்லூர் பக்கத்து ஊர்ப் படத்தில் அதுதானே நடந்தது. அங்கே ஒரு தெரு ஆட்களுக்குச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. அடுத்தவர் வயல் வரப்பில்தான் பாடை போக வேண்டும். மழைநாளில் கால் வழுக்கி, புருஷன் உடம்பு சகதியில் விழுந்ததையும், அவர் முகத்தை முந்தானையால் துடைத்ததையும் மாரியம்மாள் சொன்னாள். அழவில்லை. துடைத்த மாதிரியே கையை அசைத்துக் காட்டினாள், அவ்வளவுதான். எனக்கு மைக் ஆடியது. அன்றைக்கு மட்டும் நீங்கள் என்னைத் திட்டவில்லை.

ஊரில் போட்டுக் காட்டியபோது அவள் உங்கள் கையைப் பிடித்தாள். “யக்கா, எம்மவன் அந்த வயக்காரர் டிராக்டர்தான் ஓட்டுதான். இதப் பாத்தா அவன வேலைய விட்டு நிறுத்திருவாவ. எடுத்துருங்க.”

எடுத்துவிட்டீர்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். “படமே அதுதான யக்கா! இனி வெறும் வரப்பயா பாப்பாங்க?”

“அது அவ துக்கம்லே. நம்ம சரக்கு இல்ல” என்றீர்கள். அப்புறம் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். சண்டையை நடுவில் விட்டுவிட்டுத் தூங்குகிற ஆளிடம் நான் என்ன செய்வது? மதுரையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், என்னமோ குறைகிறதே என்றார்கள். குறைகிறதுதான். வெட்டினால் குறையாதா? நீங்கள் சிரித்துக்கொண்டு காப்பி குடித்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போன வாரம் மாரியம்மாள் கடைக்கு வந்தாள்.

“தாசில்தாரம்மா பாதையப் பாக்க வாராவ அண்ணே. எங்க மாமியா கிடையில கெடக்கா. அவளையும் சகதியில போட முடியாது. அன்னைக்கு நான் பேசுனதப் போடணும்.”

“அது எங்க இருக்கு? எங்க அக்காதான் வெட்டிப்புட்டாவளே!”

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பென்டிரைவை வைத்தாள். “அக்கா அன்னைக்கே எங்கிட்ட குடுத்துட்டாவ. இது ஒன்னுதான் இருக்கு, காட்டணும்னா நீயே காட்டுன்னாவ. அரிசிப் பானைக்குள்ள கெடந்துது.”

இத்தனை வருஷம் நான் உங்களைத் திட்டினேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன யக்கா? கேட்டுக்கொண்டு கல்லு மாதிரி இருந்திருக்கிறீர்கள். சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் மைக் போட்டுச் சொல்லியிருப்பேன் என்று பயமா? சரி, அந்தப் பயம் நியாயம்தான்.

பென்டிரைவை வேட்டியில் துடைத்துச் சொருகினேன். படம் ஓடியது.

உங்கள் நோய் எனக்கும் தொற்றிவிட்டது. நேற்று அவள் ஊரில் படம் போடும் முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “வயக்காரரும் வந்து உக்காந்திருக்காரு. போடவா?” என்று கேட்டேன். “மவன் இப்ப திருப்பூர்ல இருக்கான். போடுங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். “நீங்க என்ன அக்காவ விட மோசமா இருக்கிய?” என்றாள்.

போட்டேன். அவள் கை திரையில் அசைந்தது. தாசில்தாரம்மா எழுந்து வயல்காரரைப் பார்த்து, “நாளைக்குக் காலையில அளக்க வாறோம், நீங்களும் இருங்க” என்றார். வயல்காரர் சரியென்று தலையை ஆட்டினார். மாரியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் திரையின் கீழ் மூலையில் உங்கள் பெயர் வர வேண்டும். அந்த மூலைத் துணியை ஓர் ஆடு தின்று முடித்திருந்தது. உங்கள் பெயர் ஓட்டை வழியாகப் போய், பின்னால் நின்ற அந்த ஆட்டின் மேல் விழுந்தது. வெள்ளை நிற ஆடு. அசையாமல் நின்றதால் எல்லோரும் வாசித்தார்கள்.